பத்தாவது கையெழுத்து

— மறுபடியும் வந்துட்டியா வென்ஹுங்? கையெழுத்துப் போட மாட்டேன். போன மாசமும் சொன்னேன், அதுக்கு முந்தின மாசமும் சொன்னேன்.

— அதுக்கு வரல பாவ்ஜூ அக்கா. கொஞ்சம் உக்காரலாமா?

— உக்காரு, யாரு வேணாம்னா? கடையில ஈ காக்கா இல்ல. இந்தக் கீலூங் மழையில எவன் நூடுல்ஸ் தின்ன வருவான்? ஆனா லிப்டுப் பேச்சை எடுத்தே, கரண்டியாலதான் பதில் சொல்லுவேன்.

— எடுக்கலக்கா. மணி என்ன?

— மூணேகால். இதோ பாரு, நானே கேக்கறேன். அஞ்சு மாடி, பத்து வீடு. லிப்ட் வைக்க உங்க கட்டடச் சங்கத்துக்கு வேற இடமே கிடைக்கலையா? சரியா என் அடுப்பு மேலதான் வந்து நிக்கணுமா?

— பின் சந்துதானேக்கா ஒரே இடம். அடுப்பு அங்க அப்புறமா, உங்க கீழ் வீட்டை நீங்க நீட்டிக் கட்டினப்ப வந்ததுதானே.

— அப்புறமா வந்ததா? முப்பது வருஷம் ஆச்சுடா! வீடு என் பேர்ல இருக்கு, பத்திரம் பீரோவுல இருக்கு. என் மக தைபேயில வாடகைக்கு இருக்கா, சுவத்துல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் வீட்டுக்காரனைக் கேக்கணும். நான் அப்படியா? என் வீடு, என் இஷ்டம்.

— அங்கதான்க்கா நாம எல்லாருமே தப்பா நினைச்சுட்டோம். நாலு சுவத்துக்கு உள்ள இருக்கறதுதான் உங்களது. வெளிச்சுவரு, படி, மொட்டை மாடி, சந்து, காலுக்குக் கீழ இருக்கற மண்ணு, அத்தனையும் பத்து வீட்டுக்கும் பொது. இந்த மூலை உன்னுது, அந்த மூலை என்னுதுன்னு கோடு போட முடியாது.

— ஓஹோ, வக்கீலே ஆயிட்டியா? இவ்வளவு தெரிஞ்சவன் அஞ்சாம் மாடியில ஏன்டா வாங்கினே?

— அப்ப கல்யாணமான புதுசு. மேல இருந்தா துறைமுகத்துக் கப்பலெல்லாம் தெரியும்னு யூலியென் ஆசைப்பட்டா. வாடகை வீடா இருந்திருந்தா, அவளுக்கு முடியாமப் போன அன்னிக்கே மூட்டையக் கட்டிக்கிட்டு ஒரு கீழ் வீடு பாத்துப் போயிருப்பேன். இது சொந்த வீடு. லிப்ட் இல்லாத அஞ்சாம் மாடியை எவன் வாங்குவான்? வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். முதுகுல சுமந்துதான் இறக்கினேன், முதுகுல சுமந்துதான் ஏத்தினேன்.

— எனக்குத் தெரியாதா? நீ மூச்சு வாங்கறது என் அடுப்படி வரைக்கும் கேக்கும். கேக்கும்போதெல்லாம் ரேடியோவைச் சத்தமா வச்சுக்குவேன். நான் ஒண்ணும் கல்லு இல்ல வென்ஹுங்.

— தெரியும்க்கா. உப்பு போடாம அவளுக்குன்னு தனியா நூடுல்ஸ் செஞ்சு, படி வளைவுல மூடி வச்சுட்டுப் போனது நீங்கதானே.

— அதையும் அந்த அடுப்புலதான்டா செஞ்சேன்! அது போச்சுன்னா கடை போச்சு. என் வீட்டுக்காரர் போனதுக்கு அப்புறம் இந்தக் கடைதான் எனக்கு எல்லாம். வயித்துக்கு மட்டும் இல்ல, நாலு பேரு வந்து "அக்கா"ன்னு கூப்பிடறாங்களே, அதுக்கும்தான். கதவைச் சாத்திக்கிட்டுத் தனியா உக்காந்திருக்கச் சொல்றியா? பயமா இருந்துச்சு. அவ்வளவுதான், போதுமா?

— உங்களை நான் திட்டாத நாள் இல்லக்கா. படியேறும்போது ஒவ்வொரு மாடிக்கும் ஒரு தடவை மனசுக்குள்ள திட்டுவேன்.

— திட்டுவே, திட்டாம என்ன செய்வே? நான் செஞ்சது அப்படி. ஏன்டா இப்படி ஒடிஞ்சு போய் உக்காந்திருக்கே? சாப்பிட்டியா இல்லையா? உன்னைப் பாக்கச் சகிக்கல. சரி, எடு.

— எதை?

— அந்தக் காகிதத்தைத்தான். உள்ள போய் என் பேர் முத்திரையையும் எடுத்துட்டு வரேன். ஒன்பது பேர் போட்டாச்சு, பத்தாவதா நானும் போட்டுத் தொலைக்கறேன். அடுப்பு போனாப் போகட்டும், வாசல்ல ஒரு அடுப்பை வச்சுப் பொழைச்சுக்கறேன். டேய், ஏன்டா அழறே? அதான் போடறேன்னு சொல்றேன்ல!

— இனிமே லிப்ட் வேணாம்க்கா. ஆஸ்பத்திரியில கையை விரிச்சுட்டாங்க. கடைசி மூச்சு நம்ம கட்டடத்துலதான் போகணும்னு நாலு மணிக்கு யூலியெனை வண்டியில கூட்டிட்டு வராங்க. ஸ்ட்ரெச்சர் நம்ம படி வளைவுல திரும்பாதாம். முதுகுல தூக்கினா ரெண்டாவது மாடியைத் தாண்ட மாட்டாளாம். அவளை உங்க முன்னறையில படுக்க வைக்கலாமாக்கா? சாவு வீட்டுல சாமி பாக்கக் கூடாதுல்ல, உங்க சாமி முகத்தை மறைக்கச் சிவப்புத் தாள் வாங்கிட்டு வந்திருக்கேன்.