கலவை அறைக் கதவு

கோழிக்கு வயிறு சரியாக இருந்தால் கொட்டகை நாறாது, சார். கன்னிவாடிப் பண்ணைக்கு நான் மேலாளராக வந்தபோது வாசலிலேயே கண் எரியும். மக்காச்சோளம் கிடைக்காமல் கம்பும் கோதுமையும் அரைத்துப் போட்டார்கள். குஞ்சுகளுக்குச் செரிக்கவில்லை. எச்சம் பசையாக ஒட்டி, கீழே பரப்பிய உமி சேறாகி, கால் புண்ணோடு உட்கார்ந்தபடியே செத்தன. குழி வெட்டிப் புதைத்தவன் நான்.

முதலாளியிடம் கெஞ்சி என்சைம் பொடி வாங்கவைத்ததும் நான்தான். தானியத்தில் செரிக்காததை அது உடைத்துக் கொடுக்கும். சில வாரங்களில் உமி காய்ந்தது. குஞ்சுகள் ஓடின. அதைப் பார்த்து அழுதுவிட்டேன்.

பொன்னுவேல் பூம்பாறைக்காரன். பூண்டுக் காட்டை விட்டு மலையிறங்கி வந்து, எங்களிடம் தீவனம் கலந்துகொண்டிருந்தான். அந்தப் பொடி பறந்தால் அவனுக்கு மூச்சு இழுக்கும். சிலருக்கு அப்படி ஆகும் என்று மூட்டையிலேயே போட்டிருந்தது. படித்திருக்கிறேன்.

“நெஞ்சு அடைக்குதுண்ணே. இந்தப் பொடிப் பக்கமே போகக்கூடாதுன்னு டாக்டர் சொல்றாரு. வேற சோலி குடுங்க.”

“பாப்போம்ப்பா” என்றேன். அவனைப் போல ஒரே சீராகக் கலக்க வேறு ஆளில்லை.

அன்று வெள்ளனே வந்தான். “முதலாளி இன்னைக்கு வர்றாருல்ல. பொடியவே நிப்பாட்டச் சொல்லிப்புடுறேன்ணே.”

முதலாளி பயந்த சுபாவம். கேட்டால் நிறுத்திவிடுவார். மறுபடியும் குழி வெட்ட எனக்குத் தெம்பில்லை.

“சொல்லுப்பா. இந்த ஒரு தடவ கலந்து குடுத்துட்டுப் போ.”

முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போனான். மின்விசிறியை நிறுத்தினேன், ஓடினால் பொடி வீணாகும். கதவை வெளியே தாழிட்டேன், திறந்திருந்தால் பொடி பறக்கும். பிறகு வெளியே இருந்த சுவிட்சைப் போட்டு, தீவனம் கலக்கும் மிக்சரை ஓடவிட்டேன். அதற்கு மூடி போட அவனுக்கு நேரம் இருந்திருக்காது.

இழுப்புக்காரன், போய்விட்டான் என்றார்கள். அவன் மனைவி புவனா என் கையைப் பிடித்துக்கொண்டு, “கூடப்பொறந்தவரு மாதிரி பாத்துக்கிட்டீங்கண்ணே” என்று அழுதாள்.

இப்போது தீவனம் வைக்கும் நேரத்தில் என்னால் கொட்டகையில் நிற்க முடியவில்லை. தகரத் தட்டில் அத்தனை அலகுகளும் கொத்துகின்றன. காதைப் பொத்தினாலும் கேட்கிறது. அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், சார். திறக்கச் சொல்லி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் திறந்திருப்பேன். தட்டிக்கொண்டு மட்டும்தான் இருந்தான்.