இடுப்பளவுத் தண்ணீர்

மலைத் தண்ணீரில் இறங்குகிறவர்கள் முதலில் தலையை நனைத்துக்கொள்ள வேண்டும். காலை மட்டும் நனைத்துக்கொண்டு நின்றால் குளிர் மேலே ஏறும். பிறகு இறங்கவே மனம் வராது. கல்வராயன் மலையில் நான் குளிக்காத மடு குறைவு. அதனால் சொல்கிறேன்.

பெரியம்மாள் கரடிமடுவில் இறங்கி நின்று பார்த்ததாகச் சொன்னீர்கள் சார். தண்ணீர் இடுப்பைத் தாண்டவில்லை என்று இங்கே ஸ்டேஷனுக்கு வந்து சொன்னாராம். இந்த வயதில் அந்தப் பாறையில் அவர் இறங்கியிருக்க வேண்டாம். கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். இடுப்பளவுதான்.

அவர் மகன் அறிவுச்செல்வனும் நானும் ஒன்றாகப் படித்தவர்கள். தமிழாசிரியர் பயிற்சி முடித்து, ஒரே நாளில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, ஒன்றாகவே வேலையில்லாமல் இருந்தோம். வேலையில்லாதவனுக்கு ஊரில் நிற்க இடம் கிடையாது. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் யார் பார்த்தாலும் ஒரே கேள்வி. அதனால் மலைக்குப் போக ஆரம்பித்தோம். கச்சிராயபாளையம் வரை பஸ், பிறகு நடை. மேலே சடையன் என்பவர் வீட்டில் படுக்க இடம் கிடைக்கும். அவர் சாமை விதைக்கிறவர். எங்களை எதுவும் கேட்டதில்லை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. நான் உயரம், நீச்சல் சுமார். அறிவு குள்ளம், நன்றாக நீந்துவான். பாறை மேலிருந்து குதிப்பான். எந்த மடுவானாலும் முதலில் நான் ஓரமாக இறங்கி, பாறைக்கு நேராகப் போய் நிற்பேன். என் நெஞ்சு தெரிந்தால் அவன் குதிக்க மாட்டான். தலை மட்டும் தெரிந்தால் குதிப்பான். இது அவன் அம்மாவுக்கும் தெரியும்.

“உன்ன மாரி ஒரு நெட்டக்கொக்கு இருக்கிற வரைக்கும் எனக்கு பயம் கெடையாதுடா வேடி” என்பான். வேடியப்பன் என்று முழுப்பெயரும் சொல்லி என்னைக் கூப்பிட்டது வருகைப் பதிவு எடுத்தவர்கள் மட்டும்தான்.

போன வருடம், எண்பத்தேழு செப்டம்பரில், அவனுக்கு வேலைக்கான ஆர்டர் வந்தது. மலையடிவாரத்தில் ஒரு பள்ளி. எங்கள் பிரிவுக்கு ஒதுக்கியது ஒரே இடம். அவன் சேராவிட்டால் அடுத்த பெயர் என்னுடையது. எனக்கு வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது. இதில் அவன்மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை. ஒரே பிரிவு என்றால் என்ன பொருள் என்று பாருங்கள். என்னை முந்துகிறவன் எப்போதும் என் ஆளாகத்தான் இருப்பான். எங்கே திரும்பினாலும் அவன்தான் நிற்பான்.

அப்போதுதான் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் என்று அறிவித்தார்கள். அவர்கள் கேட்டதும் இடம்தான். மறியலுக்கு முந்தின நாள் மலைக்குப் போகலாம் என்று கூப்பிட்டது நான். வேலையில் சேர்ந்த பிறகு எங்கே நேரம் என்றேன். என் எண்ணம் அவ்வளவுதான். வழி அடைபட்டால் அவன் மேலேயே இருந்துவிடுவான். சேரும் தேதி தாண்டிவிடும். யாருக்கும் ஒரு கீறலும் இல்லை.

மறுநாள் காலை கீழேயிருந்து வந்த ஒருவர் சொன்னார், சாலை முழுக்க மரம் வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று. அறிவு சிரித்தான்.

“பஸ்ஸு இல்லன்னா இன்னா? எனக்கு கால் இல்லயா? ஒரு முழுக்கு போட்டுட்டு, மத்தியானம் நடந்தே போய் கையெழுத்து போட்டுடறேன்.”

கால் என்ற சொல்லை அவன்தான் முதலில் சொன்னான்.

கரடிமடுவைச் சுற்றி மூன்று பக்கமும் பாறை. வந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். நான் முன்னால் போனேன். அவன் வேட்டியை மடித்து வைத்துவிட்டுப் பின்னால் வந்துகொண்டிருந்தான். மழை பெய்து தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது. இறங்கினேன். இடுப்போடு நின்றுவிட்டது. அந்த வருட வெள்ளம் மணலையும் கூழாங்கல்லையும் கொண்டுவந்து மடுவை நிரப்பியிருந்தது. அது எனக்குத் தெரிந்தது. மேலே இருந்து பார்த்தால் தெரியாது.

நான் முட்டி போட்டேன்.

குளிருக்காக முட்டி போட்டேன் என்று அன்றைக்கு உங்களிடம் எழுதிக் கொடுத்தது பொய் இல்லை. குளிர் இருந்தது.

கால் ஒடியும் என்றுதான் நினைத்தேன். அவன் எப்போதும் காலை நீட்டித்தான் குதிப்பான். கால் ஒடிந்தால் இரண்டு மாதம் படுக்கை. அவனுக்கு மதிப்பெண் அதிகம், வயதும் இருக்கிறது, அடுத்த வருடம் வேறு இடம் வரும். எனக்கு வராது. இரண்டு பேருக்கும் சேர்த்துப் பார்த்தால் இதில்தான் நஷ்டம் குறைவு. அன்றைக்குத் தலை முன்னால் போனது நான் எதிர்பார்க்காதது.

வந்த வழியோரம் மூங்கில் வெட்டிக்கொண்டிருந்த சடையன் ஓடிவந்தார். இருவரும் தூக்கினோம். நடக்கும்போது சடையன் ஒன்றே ஒன்று கேட்டார்.

“இவ்ளோ கம்மி தண்ணியில ஏன் சாமி குதிச்சாரு?”

அவசரம் என்றேன்.

அறிவுக்கு நினைவு இருந்தது. கழுத்துக்குக் கீழே எதுவும் இல்லை. சடையன் வீட்டில், கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். மழை விடவில்லை. நான் அவனுக்குக் கஞ்சி ஊட்டினேன். ஈ ஓட்டினேன். துணி மாற்றினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

“கை எங்க கீதுன்னே தெரியலடா” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “நீ ஏண்டா மூஞ்ச தொங்க போட்டுக்கினு கீற? மண்ணு ரொம்பிக்கிச்சின்னு உனக்கு இன்னா தெரியும்? நீ எதுனா பள்ளத்துல நின்னுக்கினு இருந்திருப்ப” என்றான்.

அந்த விளக்கம் அவனுக்கு நிம்மதி கொடுத்தது. அதைக் கெடுக்க நான் யார்?

மறுநாள் சடையன் டோலி கட்டித் தூக்கிப்போகலாம் என்றார். முதலில் வழியைப் பார்த்து வருகிறேன் என்று நான் இறங்கினேன். அடிவாரத்தில் ஒரு பெரிய புளியமரம் சாலைக்குக் குறுக்கே கிடந்தது. அதன்மேல் நாலைந்து பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“இன்னாண்ணா, மலையிலருந்தா? பஸ்ஸு கெடையாது. டிரைவருங்கோ எல்லாம் பொண்டாட்டி கையால சோறு துன்னுட்டு தூங்கிக்கினு கீறாங்க.”

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்களில் மூத்தவன் இறங்கி வந்தான்.

“மேல யாருனா நோயாளி, புள்ளத்தாச்சி கீறாங்களாண்ணா? இருந்தா சொல்லுங்க. நாங்களே தூக்கினு வந்து ஆஸ்பத்திரியில வுடறோம். நேத்துகூட ஒரு பொண்ண தூக்கினு போனோம். ஆம்பள புள்ள.”

கழுத்து முறிந்தவனை அசைக்கக் கூடாது என்று எங்கோ படித்திருக்கிறேன். அப்படிப்பட்டவனை மரத்துக்கு மேலே ஏற்றி இறக்கினால் என்ன ஆகும்? நிதானமாக யோசித்துத்தான் சொன்னேன்.

“யாரும் இல்லை” என்றேன்.

“அப்ப டீ குடிச்சிட்டு போங்கண்ணா.”

குடித்தேன். நல்ல டீ. மேலே போய், நோயாளியையும் விட மாட்டார்களாம், வழியே இல்லை என்றேன். சடையன் கட்டி வைத்திருந்த டோலியைப் பிரித்தார். அறிவு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பார்க்க முடிந்தது அது ஒன்றுதான்.

“ஆர்டர் எங்கம்மாகிட்ட கீது. நீ போய் ஹெட்மாஸ்டராண்ட சொல்லுடா. ரெண்டு நாள் லேட்டாவும்னு.”

சரி என்றேன். மூன்றாம் நாள் விடியலில் அவன் மூச்சு நின்றது. கடைசிவரை பக்கத்தில் இருந்தது நான் மட்டும்தான். அவன் அம்மாகூட இல்லை.

மறியல் முடிந்த பிறகு கீழே கொண்டுவந்தோம். அந்த வாரம் உங்களுக்கும் வேலை ஜாஸ்தி. விபத்து என்று எழுதினீர்கள். அடுத்த மாதம் ஆர்டர் என் பெயருக்கு வந்தது. நான் உடனே போகவில்லை. பெரியம்மாளிடம்தான் முதலில் போய்ச் சொன்னேன். அவர் அழுதார். பிறகு உள்ளே போய் ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்துவந்தார். வேலையில் சேருகிற நாளுக்கென்று அறிவுக்குத் தைத்தது.

“நீயாச்சும் போய் சேருப்பா. இத போட்டுக்கினு போ. அவன் போறாப்ல இருக்கும்” என்றார்.

வாங்கிக்கொள்ளாவிட்டால் வருத்தப்படுவார். இப்போது போட்டிருப்பது அதுதான். கை குட்டை, மடித்துவிட்டால் தெரியாது.

வகுப்பறை ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். மூடி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் புழுங்குகிறது என்கிறார்கள். உங்கள் அறைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறீர்கள், வந்ததும் கவனித்தேன். அது தேவையில்லை சார். நான் எங்கும் போக மாட்டேன். கரடிமடுவுக்குப் பிறகு நான் எந்தத் தண்ணீரிலும் இறங்கவில்லை. கிணற்றடியில் மொண்டு ஊற்றிக்கொள்வதோடு சரி.

எழுதியதை எடுத்துப் போகுமுன் ஒன்று சேர்க்க வேண்டும். எதிர்பார்க்கவில்லை என்று சொன்னேன் அல்லவா, அந்த இடத்தில்.

அவன் பாறை நுனிக்கு வந்து கைகளைத் தலைக்கு மேலே தூக்கிச் சேர்த்தான். வேலை கிடைத்த சந்தோஷம்.

“டேய் நெட்டக்கொக்கு, இன்னிக்கு தலகீழா வரேன் பாரு” என்றான்.

சொல்லிவிட்டு உடனே குதிக்கவில்லை. என் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் எழுந்திருந்தால் போதும், கையை இறக்கியிருப்பான். அடியில் கூழாங்கல். இரண்டு முட்டியிலும் குத்திக்கொண்டிருந்தது. வலித்தது.

பொறுத்துக்கொண்டேன்.