குறி சுட்ட மாடு

சார்ஜன்ட்: இரிங்க அபூசாலி மரைக்கார். நிண்டுக்கிட்டே கதைச்சா எப்பிடி? பொலிசுக் கதிர கடிக்காது.

மரைக்கார்: எங்கட குடும்பத்தில ஒருத்தரும் இதுல இரிந்ததில்ல, சரீப் தம்பி. என்ட மருமகன உடுங்க. நான் போறன்.

சார்ஜன்ட்: மாடு களவெடுத்த ஆள...

மரைக்கார்: அவன்ட மாடு.

சார்ஜன்ட்: மாட்டுல உங்கட வீட்டுக் குடிக் குறியெல்லோ சுட்டிரிக்கி? உங்கட மருமகன் உதுமாலெவ்வை வேற குடி. எங்கட இன்ஸ்பெக்டர் ஐயா ஊருக்குப் புதுசு. அவரு களவு எண்டு முடிவெடுத்திட்டார்.

மரைக்கார்: மகள் றாஹிலாக்குச் சீதனமாக் குடுத்த மாடு. பொண்ணுட தாய்வழிக் குடிக் குறிதானே இரிக்கும்? நாவிதன்வெளி வயல்ல இரிந்து வீட்டுக்குச் சாய்ச்சு ஓட்டிக்கிட்டு வந்தான். ஐயாக்குத் தெரியா, சரி. நீங்க இந்தப் பக்கத்துப் பொத்துவில் ஆள். உங்கட பொண்டாட்டிட மாட்டுல என்ன குறி?

சார்ஜன்ட்: ...அவட குடிக் குறிதான்.

மரைக்கார்: அத ஐயாட்டச் சொன்னீங்களா?

சார்ஜன்ட்: அவர் கேக்கல்லயே மரைக்கார்.

மரைக்கார்: வெள்ளிக்கிழமை புடிச்ச ஆள இன்னும் நீதவான் கோட்டுக்கும் கொண்டு போகல்ல. நான் பள்ளிவாசலுக்குள்ள போனா, கள்ளன்ட மாமா வாறார் எண்டு குசுகுசுக்கிறாங்க. முகத்தக் கொண்டு எங்க வைக்கிற?

சார்ஜன்ட்: அதுக்குத்தான் ஒரு வழி சொல்றன். கேசும் இல்ல, கோடும் இல்ல. ஆள இப்பவே உடலாம். நீங்க மாட்டக் கேக்கப்படா. அவ்வளவுதான்.

மரைக்கார்: ஒருக்கா மாட்டக் காட்டுங்களன்.

சார்ஜன்ட்: மாடு... பின்னுக்குக் கட்டி இரிக்கி.

மரைக்கார்: சத்தத்தக் காணல்லயே.

சார்ஜன்ட்: படுத்திரிக்கும்.

மரைக்கார்: வெள்ளிக்கிழமையில இரிந்தா?

சார்ஜன்ட்: கெதியா முடிவச் சொல்லுங்க மரைக்கார். ஐயா இரவைக்கு உங்கட ஸ்கூல் நாடகத்துக்குப் போகணும். அவர்தானே பிரதம அதிதி. முன்வரிசையில கதிர, கழுத்துக்கு மால... அவர் வெளிக்கிட முந்தி இத முடிக்கச் சொல்லிட்டார்.

மரைக்கார்: நானும் போறதான் நாடகத்துக்கு.

சார்ஜன்ட்: நீங்களா? போன வரிசம் பொடியனுகள் மேடை கட்ட வரக்க, கம்பெடுத்துத் துரத்தின ஆளெல்லோ?

மரைக்கார்: அது போன வரிசம்.

சார்ஜன்ட்: சரி, சரி... அப்ப மாட்டுக் கதைய உடுறீங்க?

மரைக்கார்: முதல்ல மருமகன் றோட்டுல ஏறட்டும். மறுகா சொல்றன்.

சார்ஜன்ட்: என்ன நம்பல்லயா?

மரைக்கார்: உங்கள நம்புறன் தம்பி. உடுப்ப நம்பல்ல.

சார்ஜன்ட்: ஹும்... யாருடா அங்க? கூட்டுக் கதவத் திற! வா உதுமாலெவ்வை. போ... கிறுகிப் பாக்காமப் போ!

மரைக்கார்: மகன், வீட்டுக்குப் போய் நிக்காத. நேரா ஸ்கூலுக்குப் போ.

சார்ஜன்ட்: ஸ்கூலுக்கா? இந்த வயசிலயா படிக்கப் போறான்?

மரைக்கார்: வேல இரிக்கி.

சார்ஜன்ட்: சரி, ஆள் றோட்டுல ஏறிட்டான். இனி உங்கட சொல்லு.

மரைக்கார்: ஓம். மாட்ட நான் கேக்க மாட்டன். மகளும் கேக்க மாட்டா. எங்கட குடும்பத்தில சொன்ன சொல்லு சொன்னதுதான்.

சார்ஜன்ட்: அல்ஹம்துலில்லாஹ்! இப்பயாவது இரிங்களன். தேத்தண்ணி ஒண்டு...

மரைக்கார்: வேணாம். என்ட மகள்ட மாட்ட அறுத்துத் திண்ட இடத்துல நான் தண்ணியும் குடிக்க மாட்டன்.

சார்ஜன்ட்: ஆ... ஆரு... ஆரு சொன்ன அப்பிடி?

மரைக்கார்: அறுத்தவன்தான். இறைச்சிக்கட அச்சிமுகம்மது. குறி சுட்ட மாட்ட அறுத்தா, தோலக் குறிக்காரன்ட வீட்டுல கொண்டு வந்து காட்டணும். அது எங்கட ஊர் வழக்கம். நீங்க தடியோட பக்கத்துல நிண்டதால கத்திய எடுத்தான். நீங்க இறைச்சிச் சட்டியத் தூக்கிக்கிட்டுப் போனதும், தோலச் சுருட்டிக்கொண்டு வந்து என்ட வாசல்ல போட்டான்.

சார்ஜன்ட்: தோல்... இப்ப எங்க மரைக்கார்?

மரைக்கார்: உப்புப் போட்டுக் காய வச்சி, ஸ்கூலுக்குக் குடுத்திட்டன்.

சார்ஜன்ட்: ஸ்கூல்ல என்னத்துக்கு மாட்டுத் தோல்?

மரைக்கார்: இரவைக்கு மாட்டு வேசம் போடுற பொடியனுக்குப் போத்த. பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்துல குறி முன்வரிசைக்கு நல்லாத் தெரியும்.

சார்ஜன்ட்: மரைக்கார்! நாடகத்துல மாடு எண்டு ஒரு கதையும் இல்லயே!

மரைக்கார்: இந்தக் கிழமதான் சேத்த, நான் சொல்லி. மாட்டத் திண்ட பொலிசுக் கதை. இன்ஸ்பெக்டர் வேசக்காரன் மட்டும்தான் உங்கட கூட்டுக்குள்ள கிடந்தான்... அவனயும் நீங்களே உட்டுத் தந்திட்டீங்க.