மேடையை ஒட்டி ரெண்டு புள்ளி

பின்னந்தலை சார்! மூணு மணி நேரம் வெறும் பின்னந்தலை! கொண்டையில எத்தனை ஊசி குத்தியிருந்தாங்கன்னு கேளுங்க, சொல்றேன். முகம் எப்படி இருந்துச்சுன்னு மட்டும் கேட்டுடாதீங்க... ஆங், கண்ணைத் திறக்காதீங்க, மருந்து இப்பத்தான் விட்டிருக்கேன். இன்னும் அரைமணி நேரத்துக்கு எல்லாம் கலங்கலாத்தான் தெரியும். சாஞ்சு உக்காருங்க. இந்தக் கண்ணாடிக் கடையில கண்ணு பாக்கறது, ஃப்ரேம் மாட்டறது எல்லாம் நான் ஒருத்தன்தான். எங்கயும் ஓடிட மாட்டேன்.

யாரைச் சொல்றேனா? அந்தப் பாடகியைத்தான் சார்! என் வீட்டுக்காரிக்கு அவங்கன்னா உசிரு. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துல நான் கூப்பிட்டு ஒரு தரத்துல திரும்பினதில்ல. அந்தம்மா ரேடியோவுல தொண்டையைச் செருமினாப் போதும், அடுப்பை அணைச்சுட்டு ஓடி வருவா. "ஒரே ஒரு தடவை நேர்ல முகத்தைப் பாக்கணுங்க"ன்னா. அவ என்கிட்ட வாய்விட்டுக் கேட்டதே அது ஒண்ணுதான்.

சரின்னு டிக்கெட் வாங்க உக்காந்தேன். உக்காந்தா... உங்களுக்கு முன்னால நாப்பத்தோராயிரம் பேருன்னு வருது! வீட்டுல இருந்தே வாங்கலாம்னானுங்க, வீட்டுல இருந்தே வரிசையில நிக்கணும்னு சொன்னானுங்களா? முன்வரிசை எல்லாம் யாருக்கு? ஓசி பாஸுக்கு! வருவாங்க, போனைத் தூக்கிப் பிடிச்சு நாலு போட்டோ, அப்புறம் கொட்டாவி. என் மச்சான், அதான் வீட்டுக்காரியோட தம்பி, போன வருஷம் அப்படித்தான் போனான். பாட்டும் தெரியாது, தாளமும் தெரியாது. முன்வரிசையில காலை நீட்டிக்கிட்டு எடுத்த போட்டோ மட்டும் இன்னிக்கும் எனக்கு வந்துக்கிட்டே இருக்கு.

எங்க விட்டேன்? ஆங், வரிசை. நம்ம முறை வந்துச்சு. அரங்கத்தோட படம் வருது, சீட்டு எல்லாம் புள்ளி புள்ளியா. பச்சைன்னா காலி. பாத்தா... மேடையை ஒட்டியே ரெண்டு பச்சைப் புள்ளி! நாப்பத்தோராயிரம் பேர் கண்ணுக்குத் தப்பினது என் கண்ணுல மாட்டுது! தொழில்காரன் கண்ணுன்னா சும்மாவா? டப்புன்னு அமுக்கிட்டேன். தெருவுல ஒருத்தர் விடாம சொல்லியாச்சு. மச்சானுக்கு ரெண்டு தடவை.

கச்சேரி அன்னிக்கு இவ புதுத்துணி எல்லாம் போட்டுக்கிட்டு வந்தா சார். டார்ச் பிடிச்ச பொண்ணு எங்களைக் கூட்டிக்கிட்டு நடக்கறா, நடக்கறா... முன்வரிசையைத் தாண்டி, மேடையைச் சுத்தி, பின்னாடி! மேடைக்கு முதுகுப் பக்கம்கூட சீட்டுப் போட்டு விக்கறானுங்க! படத்துல பொடி எழுத்துல போட்டிருந்துச்சாம். எழுத்தா அது? எறும்பு! கச்சேரியில அந்தம்மா ஒரே ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பினாங்க, தண்ணி குடிக்க. இவ எழுந்து நின்னு கையை ஆட்டினா. அவங்க வாயைத் துடைச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டாங்க. தூக்கின கையை எங்க வைக்கறதுன்னு தெரியாம இவ... விடுங்க சார்.

அன்னையிலிருந்து பேச்சு கிடையாது. பத்து நாளாச்சு. சமையல்கட்டுல இருந்து கூடத்துக்கு மெசேஜ் வருது! "சாப்பாடு ரெடி." அவ்வளவுதான். ரெண்டாவது கச்சேரிக்கு இன்னிக்குப் பன்னண்டு மணிக்கு டிக்கெட் விடறான். காலையில ஒரு மெசேஜ்: "கண்ணாடி போட்டுக்கிட்டு வாங்குங்க. இல்லேன்னா விட்டுடுங்க." நான் கண்ணாடி போடறதா? நானூறு ஃப்ரேம் அடுக்கி வச்சிருக்கிறவன், நானே மூக்குல ஒண்ணை மாட்டிக்கிட்டு நின்னா, இவன் கண்ணே சரியில்ல, நம்ம கண்ணை என்னத்தைப் பாப்பான்னு போயிட மாட்டாங்க?

ஆ! வரிசையில விட்டு வச்சிருந்த போன்ல வந்துடுச்சு! நம்ம முறை! ரெண்டு நிமிஷம்தான் குடுப்பான்... பாருங்க, மறுபடியும் மேடையை ஒட்டி ரெண்டு பச்சை! கீழ என்னமோ எழுதியிருக்கு. கையை நீட்டிப் பாக்கறேன்... இன்னும் கொஞ்சம்... கையே பத்தல சார்! கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்... அட, மருந்து விட்டதே நான்தானே!

உங்ககிட்ட மட்டும் சொல்றேன். டிராயர்ல ஒண்ணு இருக்கு. எனக்கு நானே பாத்துப் பண்ணது, மூணு வருஷமாச்சு. ஒருத்தர் முன்னாடியும் போட்டதில்ல. உங்களுக்குத்தான் இப்ப ஒண்ணும் தெரியாதே... தெரியாதில்ல? இது எத்தனை விரல்? ரெண்டா? மூணு. ரொம்ப நல்லது. இருங்க, தூசி தட்டி... துடைச்சு... மாட்டியாச்சு. ஆகா! என்ன தெளிவு சார்! ஒவ்வொரு எழுத்தும் முத்து முத்தா...

"உங்கள் நேரம் முடிந்தது."

...

அவதான். மெசேஜ். "கிடைச்சுதா?" பத்து நாள்ல இப்பத்தான் முதல் தடவையா ஒண்ணு கேட்டிருக்கா சார். என்னன்னு பதில் போடுவேன்?

சரி, உங்க கண்ணாடி நம்பர் எழுதின சீட்டையாவது முடிச்சுக் குடுத்துடறேன். மருந்துக்கு முன்னாடி பாத்த நம்பரு... இது நான் எழுதினதா? உங்களுக்குத் தூரத்துலதானே தெரியல? ரெண்டு கண்ணுக்கும் எதுக்கு கிட்டத்துப் பார்வைக்குப் போடற ப்ளஸ் போட்டு வச்சிருக்கேன்?... சார், ஏன் எழுந்துட்டீங்க? சுவத்தைத் தடவிக்கிட்டே எங்க போறீங்க? அது கதவில்ல, ஃப்ரேம் அலமாரி! சார்! மைனஸ் சார், மைனஸ்! இப்ப எனக்கு நல்லாத் தெரியுது, வாங்க சார்!