மூடாத பன்னிரண்டு முகம்

உங்கள் மேசை ஓரத்தில் இருக்கும் அந்த அட்டைப் பெட்டியின் மூடி சரியாக உட்காரவில்லை, ஐயா. விசாரணைக்கென்று நீங்கள் கூப்பிட்டு வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், தொழில் புத்தி.

பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகங்களுக்கு, வெட்டி மடித்து ஒட்டும் படங்கள் போடுகிறவன் நான். ஒரு கனவடிவத்தைப் பிரித்துத் தட்டையாகத் தாளில் விரித்தால் அதற்கு வலை என்று பெயர். மற்றவர்களைப் போல மவுஸைப் பிடித்து இழுத்து வரைய மாட்டேன். புத்தகத்தை அச்சுக்கோக்கும் நிரலிலேயே எழுதிவிடுவேன். முப்பது மில்லிமீட்டர் போ, எழுபத்திரண்டு பாகை திரும்பு, மறுபடி போ. ஐந்து தடவை சொன்னால் ஓர் ஐங்கோணம். நிரல் சொன்னதைச் செய்யும், எதிர்த்துப் பேசாது. மனிதர்களிடம் எனக்குக் கிடைக்காத மரியாதை அது.

எங்கள் அலுவலகத்தில் படங்களைச் சரிபார்த்தவர் ஓர் அக்கா. எல்லோருக்கும் அவர் மடிப்பக்கா. மேனேஜர் திரையில் ஒரு பார்வை பார்த்துவிட்டு "டப்பா அழகா இருக்கு" என்பார். அதோடு அவர் வேலை முடிந்தது. அக்கா மட்டும்தான் ஒவ்வொன்றையும் அச்செடுத்து, கத்தரித்து, நகத்தால் மடிப்பை நீவி, ஒட்டிப் பார்ப்பார். வீட்டில் தையல் வேலையும் செய்தவர். அவர் கை தொட்டால் தாள் தானாக மடியும்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு கனசதுரத்துக்கு வலை போட்டேன். ஆறு சதுரமும் இருந்தன. ஆனால் மடித்தால் அடியில் இரண்டு சேர்ந்துகொள்ளும், மேலே ஒன்றும் வராது. யானைக்கும் அடி சறுக்கும். அக்கா அதை எல்லோரும் இருந்த கூட்டத்தில் தூக்கிக் காட்டி, "தம்பி, இது மூடல" என்றார். திட்டவில்லை. சிரிக்கக்கூட இல்லை. சிரித்தவர்கள் மற்றவர்கள். அன்றிலிருந்து என் பெயர் மூடி. லிஃப்ட்காரர்கூட "வாங்க மூடி சார்" என்பார். பொண்ணு பார்க்கப் போன இடத்திலும் அந்தப் பெயர் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

எனக்குக் கோபம் இல்லை, ஐயா. நியாயம் என்று ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

பன்னிரண்டு ஐங்கோணங்கள் கொண்ட வடிவத்தின் வலை இரண்டு பூக்களைப் போல இருக்கும். பூவுக்கு ஆறு முகம். மடித்தால் இரண்டு கிண்ணங்கள். ஒன்றின் மேல் ஒன்று பல்லோடு பல் பொருந்தும். நான் நிரலில் ஒரு சுவிட்ச் வைத்தேன். அதைப் போட்டால் இரண்டாவது பூவின் பக்க அளவு முப்பதுக்குப் பதில் இருபத்தொன்பதரை. கத்தரிக்கோல் கொஞ்சம் உள்ளே ஓடினாலே அவ்வளவு போய்விடும், யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் கிண்ணங்கள் பொருந்தாது. அந்தச் சுவிட்சுக்கு 'அக்கா' என்று பெயர் வைத்தேன்.

அக்கா கேட்கும் தாளுக்கு மட்டும் சுவிட்சைப் போடுவேன். அவர் மடித்துவிட்டு, மூடவில்லை என்பார். நான் பணிவாக இன்னொரு தாளை அச்செடுத்து, மேனேஜர் முன்னால் மடித்துக் காட்டுவேன். கச்சிதமாக மூடும். ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றால் அக்காவின் தாள் ஏற்கெனவே துண்டு துண்டாகியிருக்கும்.

முதல் தடவை மேனேஜர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எறும்பு ஊரக் கல்லும் தேயும். அப்புறம் ஒரு நாள், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கூடம் உண்மையிலேயே கோணல் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் சிரிக்கவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அக்கா பாதி மடித்த தாளை மேசைக்குள் ஒளிக்க ஆரம்பித்தார். ஒரு மதியம் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, என் கை நடுங்குதா பாரு."

"லேசாத்தான்க்கா. எதுக்கும் டாக்டரைப் பாத்துருங்க."

நானே கூட்டிக்கொண்டு போனேன். கண் டாக்டரிடமும் போனோம். அவர் கண்ணில் குறை இல்லை என்றதும் அக்காவின் முகம் வாடிவிட்டது. கண்ணில் இல்லையென்றால் கையில்தானே இருக்க வேண்டும். திரும்பி வரும் வழியில் அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன். சர்க்கரையையும் நானே கலக்கினேன், அவர் கை நடுங்கக் கூடாதென்று.

அவராகவே வேலையை விட்டார். தையல் மெஷினையும் விற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பிரிவு விழாவில் நானே மடித்த பன்னிரண்டு முகத்தைப் பரிசாகக் கொடுத்தேன். கச்சிதமாக மூடியது. வாங்கிப் பார்த்துவிட்டு, "உனக்கு நல்ல கைப்பா" என்றார்.

அவர் போன பிறகு யாரும் மடிக்கவில்லை. "அதான் ஸ்கிரீன்ல நல்லாத்தானே இருக்கு" என்றார் மேனேஜர். புத்தகம் அச்சுக்குப் போனது, பள்ளிகளுக்கும் போனது. ஒரு புகார்கூட வரவில்லை.

போன வாரம் அக்கா வந்தார். கைகளைப் பைக்குள் விட்டு மறைத்துக்கொண்டே பேசினார். தங்கை மகளுக்கு வீட்டுப்பாடம். அவள் புத்தகத்துப் பக்கத்தை இவர் வெட்டி மடித்து வீணாக்கிவிட்டாராம். புதிதாக ஒன்று வாங்கி வந்திருக்கிறார்.

"பாப்பா அழுதுட்டே இருக்கு தம்பி. இதையும் நான் கெடுத்துருவேன். நீ மடிச்சுக் குடு."

புத்தகத்தை வாங்கி அளவுகோல் வைத்துப் பார்த்தேன். இரண்டாவது பூ, இருபத்தொன்பதரை. சுவிட்சைத் திருப்பாமலே அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். ஊரெல்லாம் பிள்ளைகளை வகுப்பில் நிற்க வைத்திருப்பார்கள், கைவேலையில் சுத்தம் இல்லையென்று. ஆசிரியர்களும் வீட்டில் மடித்துப் பார்த்திருப்பார்கள். தங்கள் கையைத்தான் நொந்துகொண்டிருப்பார்கள். யாருக்கும் புத்தகத்தைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. என் அச்சு அவ்வளவு நேர்த்தி.

"புத்தகம் கிடக்கட்டும்க்கா" என்று சுவிட்சைத் திருப்பி இரண்டு தாள் எடுத்தேன். ஒன்றை மடித்துக் கொடுத்தேன். மற்றதைப் பாப்பா வெட்டிப் பழகட்டும் என்று கொடுத்தேன். அங்கேதான் தவறினேன். அக்கா பழைய வழக்கத்தில் அந்தத் தாளைப் புத்தகப் பக்கத்தின் மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு தாளைக் கையில் கொடுத்தால் சரிபார்க்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். முதல் பூ ஒன்றோடொன்று படிந்தது. இரண்டாவது படியவில்லை.

தாளை நகர்த்தி இன்னொரு தடவை பொருத்திப் பார்த்தார். பிறகு திரும்பினார்.

"என் கைக்கு ஒண்ணும் இல்லையா, தம்பி?"

"இல்லக்கா" என்றேன். கேட்டதும் உண்மையைச் சொன்னேன், ஐயா.

அவர் அழுதார். கைகளை விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்தத் தாளோடும் புத்தகத்தோடும் உங்களிடம் வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. இதுவரை நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டீர்கள். அந்தச் சந்தோஷத்தை அவருக்குக் கொடுத்தவன் நான்தான் என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.