சமையலறைக் காட்சி

— ஏங்க, வண்டிய எடுக்காம உக்காந்திருக்கீங்க? படம் முடிஞ்சு பாதிப் பேர் கெளம்பிட்டாங்க.

— முன்னாடி வண்டி மறிச்சு நிக்குது. போகட்டும்.

— எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. படத்துல வர்ற மாதிரி, குண்டடி பட்டுக் கெடந்த உங்க கூட்டாளி வயர்லெஸ்ல ரெண்டு மணி நேரம் உங்களக் கூப்பிட்டானே, நீங்க அத அணைச்சீங்களே... அது நெஜமா?

— படம்மா அது.

— மழுப்பாதீங்க. ‘உண்மைக் கதை’ன்னு உங்க பேரோட போட்டாங்க.

— ...நெஜந்தான். அவனத் தூக்கிட்டு வரப் போக உத்தரவு இல்ல. அவன் அழுறதக் கேட்டுக்கிட்டே இருக்க முடியல. அணைச்சேன்.

— பட்டாளத்த விட்டு வந்து பதினோரு வருஷம்! ஃபோன் அடிச்சா எடுக்க மாட்டீங்க. அடிச்சாலே அவன் கூப்பிடுற மாதிரி இருக்கும்னு ஹீரோ சொல்றான். நான் திமிருன்னு நெனச்சேங்க. எங்கப்பா ஆஸ்பத்திரியில கெடந்தப்போ முப்பது தடவ அடிச்சேன். உங்கள எவ்ளோ திட்டியிருப்பேன்! இப்ப முன்னூறு பேரோட சேந்து, பாப்கார்ன கையில வச்சுக்கிட்டு காரணத்தத் தெரிஞ்சுக்கிறேன்.

— விடு.

— மொதல்ல இந்த ‘விடு’வ விடுங்க. அந்த டைரக்டர் பொண்ணு நாலு நாள் ரெக்கார்டரோட வந்து உக்காந்தா, அவகிட்ட வாய் தொறந்துது. எங்கிட்ட மட்டும் பூட்டா?

— அவ யாரோ. கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிடுவா. நீ மறுநாளும் என் மூஞ்சியப் பாக்கணும்.

— அதக்கூடப் பொறுத்துக்கலாம். கடைசியில ஒரு சீன் வச்சாங்களே, அதுதான் வயித்தெரிச்சல். ஹீரோ சமையக்கட்டுக்கு வர்றான், பொண்டாட்டிகிட்ட எல்லாத்தயும் கொட்டுறான், அவ அடுப்ப அணைச்சிட்டு அவன் தலைய மடியில வச்சுக்கிறா. வயலின் வேற! அடுத்த ஷாட்ல சிரிச்சுக்கிட்டே ஃபோன எடுத்து ‘ஹலோ’ங்கிறான். புண்ணு ஆறிடுச்சாம். பக்கத்து சீட்டு அம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டு, ‘குடுத்து வச்சவம்மா, உங்கிட்டயாவது மனசத் தொறந்தாரே’ன்னு அழுவுறாங்க. நான் என்னத்தச் சொல்ல?

— கண்ணாடிய எறக்கு. டைரக்டர் பொண்ணு வந்து நிக்குது.

— அக்கா! படம் எப்படிக்கா? சார் ஒரு வார்த்த சொல்ல மாட்டேங்கிறார்.

— எனக்கு அது பழகினதும்மா. அந்த சமையக்கட்டு சீன் யார் வேல? உன்னுதா?

— ஐயோ, அதுக்காக நாங்க சண்டையே போட்டோம்கா. மடி, வயலின், ‘ஹலோ’ எல்லாம் என்னுது, ஒத்துக்கறேன். படம் ஓடணுமே! ஆனா அங்க பேசுற வசனம் மொத்தமும் சார் தன் கையால எழுதிக் குடுத்தது. ஒரு எழுத்த மாத்த விடல. உள்ள கூப்பிடுறாங்க, வரேங்க்கா.

— ...நீங்களா? நடக்காதத எழுதிக் குடுத்து, ஊர் முன்னாடி என்னயும் சேத்துப் பொய் சொல்ல வச்சீங்களா?

— நடந்துதும்மா.

— என்ன நடந்துது?

— மடியெல்லாம் கெடயாது. சொன்னது நெஜம். போன வருஷம் ஒரு ஞாயித்துக்கெழம. சமையக்கட்டுல நீ அந்தப் பக்கம் திரும்பி நின்னே. நான் நெலப்படியில நின்னு மொதல்லேர்ந்து சொல்லி முடிச்சேன். இத்தன வருஷம் சொமந்தது, சொன்னா நாலு வரிதான் வந்துது.

— எங்கிட்டயா? எனக்கு எப்படிங்க தெரியாமப் போகும்?

— மிக்ஸி ஓடிட்டிருந்துது. அது ஓடினதாலதான் எனக்கு வாயே வந்துது. நீ நிறுத்திட்டுத் திரும்பி, ‘என்னமோ சொன்னீங்களே?’ன்னு கேட்டே. நான், ‘உப்பு பாத்துப் போடு’ன்னுட்டு வந்துட்டேன்.