தைஸ்தோவின் ரம்பத்தில் நான் விட்ட இடைவெளி

வியாழக்கிழமை என்றால் எங்கள் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் பட்டாணி சூப்தான், பின்னால் ஜாம் தடவிய அப்பம். காவல் நிலையத்திலும் அதே வழக்கம் என்பது உள்ளே நுழையும்போதே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லி முடித்த பிறகு ஒரு கிண்ணம் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அவசரமில்லை.

எழுதிக்கொள்ளுங்கள், அதிகாரி கோர்ட்டெலைனன். என் பெயர் எய்னோ. வயது அறுபத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. தொழில், மோட்டார் ரம்பம் பழுதுபார்ப்பது. கைக்குட்டையில் சுற்றி உங்கள் மேசைமேல் வைத்திருப்பது ஒரு பிஸ்டன். பிரித்துப் பாருங்கள், கடிக்காது. சின்ன டம்ளரைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். என் தங்கை லெம்பியின் புருஷன் தைஸ்தோவின் ரம்பத்தில் இருந்தது. போன ஏப்ரலில் அவன் செத்தபோது நீங்கள்தான் வந்தீர்கள். ரம்பத்தைக் கிளப்பும் கயிற்றை இழுத்துப் பார்த்தீர்கள், எஞ்சின் சுற்றியது. 'பழைய இயந்திரம், பாதியில் நின்றதால் விபத்து' என்று எழுதினீர்கள். உங்களைக் குறை சொல்ல வரவில்லை. ஆனாலும் அந்த வரி என்னை ரொம்ப நாள் உறுத்தியது. நான் கைவைத்த ரம்பம் தானாக நின்றது என்று இந்த ஏரியைச் சுற்றி ஒருத்தரும் இதுவரை சொன்னதில்லை.

தைஸ்தோ அந்த ரம்பத்தைக் கொண்டுவந்தது மார்ச் மாதம், பனி இன்னும் முழங்கால் அளவுக்குக் கிடந்தபோது. தள்ளுவண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். முப்பத்தைந்து வருஷத்துச் சாமான், ஒரு கன்றுக்குட்டி கனம் கனக்கும். மரம் வெட்டும் காட்டு முகாமில் அவன் வேலை செய்த காலத்தில் வாங்கியது. பிஸ்டன் தேய்ந்துபோய் வருஷக்கணக்கில் கொட்டகையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன மச்சான், இன்னும் உயிரோடதான் இருக்கியா?" என்றான். அது அவன் வழக்கமாகக் குசலம் விசாரிக்கும் விதம்.

"நீ வர்ற வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன்" என்றேன்.

"இந்தக் கிழவிக்கு உயிர் குடு. சவுனாக் குளியல் குடிசைப் பக்கத்துல சாஞ்சு நிக்குதே பிர்ச் மரம், அதை இவளை வச்சுத்தான் வெட்டுவேன். வீட்டை வாங்குறவங்க மரத்தை எடுத்துத் தரச் சொல்றாங்க."

"எந்த வீட்டை?"

"என் வீட்டைத்தான், வேற எந்த வீட்டை? மே மாசம் தம்பெரே டவுனுக்குக் கிளம்புறோம், மக பக்கத்துலயே. ஏன், லெம்பி உன்கிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. அதற்கு முந்தின வியாழன் கூட எதிரே உட்கார்ந்து எனக்குச் சூப் ஊற்றினாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல மனசு வந்திருக்காது, பாவம். அவளுக்குப் போக இஷ்டமில்லை என்பது எனக்குத் தெரியும். புது வீட்டு ஜன்னல் அளவுகளை ஒரு தாளில் எழுதிவைத்துத் திரை தைத்துக்கொண்டிருந்தாள், உண்மைதான். அது கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்பதற்காக. தைக்கும்போது பாடினாள். மனசு கஷ்டப்பட்டால் பாடுகிற பெண் அவள். அண்ணனுக்குத் தெரியாதா?

லெம்பிக்குக் கல்யாணமாகி முப்பத்துநாலு வருஷம். அத்தனை வருஷமும் வியாழக்கிழமை மத்தியானம் எனக்கு அவள் வீட்டில்தான் சாப்பாடு. தவறியது ஒரே தடவை, எனக்கு நிமோனியா வந்தபோது. அன்றைக்கும் தூக்குவாளியில் சூப்பை ஊற்றி, மேலே துணி சுற்றி, ஏரிப் பனியின் மேல் நடந்து கொண்டுவந்து தந்தாள். மற்ற ஆறு நாளும் நான் ரொட்டியும் மீனும் தின்று காலத்தை ஓட்டுகிறவன். யாரோடும் பேசக்கூட மாட்டேன். அந்த ஒரு நாளையும் தைஸ்தோ மூட்டை கட்டித் தம்பெரேவுக்குக் கொண்டுபோகப் பார்த்தான். ரம்பத்தை மேசைமேல் தூக்கி வைக்கச் சொன்னேன்.

வேலையை ஒழுங்காகச் செய்தேன். அதை நீங்கள் எழுத வேண்டும். பிஸ்டன் ஓடுகிற சிலிண்டரின் சுவரில் அலுமினியம் உருகி அப்பியிருந்தது. அமிலத்தில் பஞ்சை நனைத்துத் தொட்டுத் தொட்டுக் கரைத்தேன். வெள்ளையாக நுரைக்கும், நுரை நின்றால் சுவர் சுத்தம் என்று அர்த்தம். இரண்டு நாள் ஆயிற்று. அந்த மாடலுக்குப் புது பிஸ்டன் உலகத்தில் எங்கும் கிடையாது. தேய்ந்ததைத்தான் மீட்க வேண்டும். பல் வைத்த சின்ன உருளையை அழுத்தி உருட்டினால், தேய்ந்த இடத்தில் உலோகம் சொரசொரவென்று மேலே எழும்பும். எழும்பியதை அரத்தால் இழைத்து இழைத்து வேண்டிய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பிஸ்டனைச் சுற்றி மாட்டும் வளையங்களையும் நானே செய்தேன். இந்த மாவட்டத்தில் இதைச் செய்ய வேறு ஆள் இல்லை, பெருமைக்குச் சொல்லவில்லை.

கடைசி அளவு ஒன்று இருக்கிறது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு தலைமுடி அளவு இடைவெளி விட வேண்டும். சூடேறினால் அலுமினியம் ஊதும், ஊதுவதற்கு இடம் வேண்டும். நான் அரை முடி விட்டேன்.

அப்படி விட்டால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். மேசைமேல் வைத்து ஓட்டினால் ஒன்றும் ஆகாது, அருமையாக ஓடும். சின்னக் கிளைகளை வெட்டினாலும் ஓடும். பெரிய மரத்தில் ஆழமாக இறங்கி, மூச்சு விடாமல் அறுக்கும்போது கொதித்து ஊதி, சுவரைக் கவ்விக்கொண்டு நிற்கும். ஆறினால் பழையபடி விட்டுவிடும். அதனால்தான் உங்கள் கைக்கு அது சுற்றியது.

சாய்ந்த மரத்துக்கு ஒரே விதி வேகம்தான். சாயும் பக்கம் முதலில் முன்வெட்டு, அதற்கு எதிர்ப்பக்கம் பின்வெட்டு; அந்தப் பின்வெட்டைச் சட்டென்று முடித்துவிட வேண்டும். பாதியில் நின்றால் மரம் தன் கனத்திலேயே நெடுக்குவாட்டில் பிளக்கும். பிளந்த பாதி பின்னால் எகிறும், அறுக்கிறவனின் நெஞ்சு உயரத்துக்கு. ரம்பம் நின்றுவிட்டால் அப்படியே போட்டுவிட்டு ஓடுவதுதான் காட்டு வேலைக்காரன் செய்ய வேண்டியது. எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். தைஸ்தோ செய்ய மாட்டான். முகாமில் சேர்ந்த புதிதில் ஒருமுறை அப்படி ஓடினான். மரம் அசையவே இல்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க அவனை 'முயல்' என்று கூப்பிட்டார்கள். அவன் தட்டில் கேரட் வைத்தார்கள். அதற்கப்புறம் மரத்தில் ரம்பத்தை விட்டு அவன் ஒரு அடி நகர்ந்ததில்லை. நின்றால் அங்கேயே குனிந்து கயிற்றை இழுப்பான். நாலு கோப்பை காபி குடித்தால் இந்தக் கதையை அவனே சொல்லுவான், "செத்தாலும் முயலா சாக மாட்டேன்டா" என்று. எத்தனை வியாழக்கிழமை கேட்டிருப்பேன்.

ரம்பத்தை வாங்கிக்கொள்ள வந்த அன்று என் பட்டறையில் ஓட்டிக் காட்டினேன். முதல் இழுப்பிலேயே எடுத்தது. அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டான். கண் கலங்கிவிட்டது.

"அதே குரல், மச்சான்" என்றான். "நீ மனுஷனே இல்லடா, மந்திரவாதி."

அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அவனை எனக்குப் பிடிக்கும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எச்சரிக்கையும் செய்தேன். "முதல் டேங்க் பெட்ரோல் தீர்ற வரைக்கும் மெதுவா ஓட்டு, பெரிய மரத்துல வைக்காதே" என்று வாய்விட்டுச் சொன்னேன். "ஆகட்டும் பாட்டி" என்று சிரித்துக்கொண்டே போனான். நான் சொன்னது சொன்னதுதான். கேட்காதது அவன் குணம்.

மரம் வெட்டும் நாளைக் குறித்தது அவன்தான். வியாழக்கிழமை மத்தியானம், எல்லோரும் வீட்டில் இருக்கும்போது. லெம்பி அப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலோரம் சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். குளிர்காற்று புகாமல் ஜன்னல் இடுக்குகளில் ஒட்டிய காகிதத்தை இன்னும் உரிக்கவில்லை, ஜன்னலைத் திறக்க முடியாது. அதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"இந்த வயசுல இது தேவையா இவருக்கு?" என்றாள் லெம்பி. "நீயாவது சொல்லக் கூடாதாண்ணே?"

"சொன்னேன்மா" என்றேன்.

முன்வெட்டு முடிந்தது. பின்வெட்டு தொடங்கியது. நான் காதால் பார்க்கிறவன். குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்தது, கனத்தது, பிறகு பட்டென்று நின்றது. நான் நினைத்ததைவிட இரண்டு விரல் ஆழம் முன்னாலேயே நின்றுவிட்டது. கயிறு இழுபடும் சத்தம் வரவில்லை. இறுகிய எஞ்சினில் கயிறு அசையாது. ஆனால் அவன் திட்டுவது லேசாகக் கேட்டது. அப்படியென்றால் இன்னும் அங்கேயேதான் நிற்கிறான் என்று தெரிந்துகொண்டேன். கையில் கரண்டி இருந்தது. கண்ணாடியில் தட்டியிருந்தால் கேட்டிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ஏழு வரைக்கும் எண்ணினேன். பிறகு அந்தச் சத்தம், ஏரிப்பனி உடைகிற மாதிரி, ஒரே ஒரு தடவை.

லெம்பி வெறும் காலோடு ஓடினாள். நான் முதலில் அடுப்பை அணைத்தேன். வாணலியில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது, வீடே பற்றியிருக்கும். யாராவது ஒருத்தர் நிதானமாக இருக்க வேண்டுமில்லையா?

அதன்பின் வீட்டு விற்பனையை நிறுத்திவிட்டோம். லெம்பி அதே வீட்டில் இங்கேயே இருந்தாள். சூப்பில் பல நாள் உப்பு இருக்காது, நான் காட்டிக்கொள்ளவில்லை. அப்பம் சுடுவதை விட்டுவிட்டாள், அதையும் கேட்கவில்லை. பாட்டும் நின்றுவிட்டது. மனசில் கஷ்டம் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். பதினோரு மாதம் நிம்மதியாகத்தான் போனது.

போன வாரம் கிண்ணத்தை எனக்கு முன்னால் வைத்துவிட்டு நின்றுகொண்டே சொன்னாள். "அண்ணே, இங்க என்னால மூச்சு விட முடியல. ஜன்னல் பக்கம் திரும்பினாலே அந்த அடிமரம்தான் தெரியுது. மக கூப்பிடுறா. நான் போறேன்."

"அடிமரத்தைத் தோண்டி எடுத்துடறேம்மா. ஒரு நாள் வேலை."

"வேண்டாண்ணே." என் தோளில் கை வைத்தாள். "நீ எங்களுக்கு ரொம்ப செஞ்சுட்ட. உடம்பைப் பாத்துக்கோ."

இன்று மத்தியானம் வழக்கம்போலப் போனேன். சமையலறையில் பெட்டிகள்தான் இருந்தன. அடுப்பு சில்லென்று கிடந்தது. ரொட்டித் துண்டை ஒரு காகிதத்தில் வைத்துக் கொடுத்தாள். இன்று வியாழக்கிழமை என்பதே அவளுக்கு ஞாபகமில்லை, கோர்ட்டெலைனன். ரொட்டியை வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனேன். உங்கள் விசாரணை முடிந்ததும் அந்த ரம்பத்தை லெம்பி என்னிடமே கொடுத்திருந்தாள். பிஸ்டனைக் கழற்றிக்கொண்டு நேராக இங்கே வந்துவிட்டேன்.

ஒரு பக்கம் கீறல்கள் இருக்கின்றன பாருங்கள், அது கவ்விய இடம். அளவுக்கோலைக் கொண்டுவாருங்கள், அரை முடி கணக்கையும் நானே காட்டுகிறேன். உங்கள் காகிதத்தில் இருக்கும் 'விபத்து' என்ற வார்த்தையை அடித்துவிடுங்கள். தைஸ்தோவைக் கொன்றது நான். கையெழுத்து எங்கே போட வேண்டும்?

ஒன்றே ஒன்று. நாளை மத்தியானம் அவள் சாமான்களை ஏற்ற லாரி வருகிறது, அதற்குள் நீங்கள் லெம்பியிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும். சமையலறையில் கூட இருந்தது அவள் ஒருத்திதான், முக்கியமான சாட்சி. விசாரணை, வழக்கு என்று எப்படியும் ஒரு வருஷமாவது இழுக்கும், அதுவரை சாட்சி ஊரிலேயே இருக்க வேண்டுமில்லையா? அவளுக்கும் அதுதான் நல்லது. அங்கே போய் யாருக்குச் சமைத்துப் போடப் போகிறாள்? கைதியைப் பார்க்க விடும் நாள் எதுவென்று எனக்குத் தெரியாது, வியாழக்கிழமையாக இருந்தால் சௌகரியம். தூக்குவாளியைப் பெட்டிக்குள் போட்டிருப்பாள், வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.